சாப்பிட்டதற்குச் சான்று

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒருவன் என்ன சாப்பிட்டான் என்பதற்கு அவன் வயிறு ஒன்றே சாட்சியாக இருந்த காலம் உண்டு. மூத்த விளையாட்டு வீரர் உணவு மேற்பார்வை இயக்ககம் திறக்கப்பட்ட அன்றே அந்தக் காலம் முடிந்தது. வயிற்றின் வாக்குமூலம் செல்லாது என்று முதல் சுற்றறிக்கையிலேயே போட்டுவிட்டார்கள்.

ஹமாதி கொர்பல் அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது: அறுபத்தைந்து வயதை எட்டுவது. கோட்டைச் சுவருக்குள் தானியமும் ஆலிவ் எண்ணெயும் விற்கிற கடைக்காரர் அவர். முப்பது வருடமாகக் கடை திறக்குமுன் கடலோரம் ஓடுகிறவர். ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அறுபத்தைந்து வயதுப் பிரிவின் தேசிய சாதனை பத்தொன்பது நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. ஹமாதி அதைப் பத்தொன்பது முப்பதில் ஓடிக்கொண்டிருந்தார். ஆனால் அறுபத்து நாலு வயதில் என்ன ஓடினாலும் அந்தக் கட்டத்தில் பெயர் ஏறாது. பிப்ரவரியில் அறுபத்தைந்து ஆயிற்று. ஜூலையில் ஸூஸ் நகரத்தில் போட்டி. இந்த வயதில் கால்கள் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடியை எடுத்துக்கொண்டு போய்விடும், ரசீதும் தராது. இந்த ஜூலையை விட்டால் அந்தச் சாதனை இனி அவருக்கு இல்லை. இது அவருக்கும் தெரியும், அவர் மனைவி மனூபியாவுக்கும் தெரியும்.

சாப்பாட்டில் அவருக்குக் குழப்பமே கிடையாது. ஓடிவிட்டு வந்ததும் ப்ஸீஸா: வறுத்த வாற்கோதுமையும் கடலையும் வெந்தயமும் சேர்த்து மனூபியா அரைத்து வைத்த மாவு, ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்தது. கூட இரண்டு முட்டை. மதியம் சுட்ட மத்தி மீன், முள்ளோடு. சாயங்காலம் மோரும் பேரீச்சையும். இரவு பருப்புக் கஞ்சி. அறுபது தாண்டிய உடம்பு புரதத்தை ஒரே வேளையில் கொட்டினால் வாங்கிக்கொள்ளாது, வேளைக்கு வேளை கொடுக்க வேண்டும், தாகம் வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஓர் எலும்பு வைத்தியர் எப்போதோ சொல்லியிருந்தார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் ஹமாதி நினைத்திருந்தார்.

ஏப்ரலில் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது உணவுத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் ஓட முடியாதா என்று ஹமாதி கேட்டார். ஓடலாம், ஆனால் ஓடியதாக ஆகாது என்று பதில் வந்தது.

இயக்ககத்தின் முகப்பில் இருந்தவர் மதாம் ஸலுவா. ஹமாதி தன் சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்தார். ஒரு சின்னப் பொட்டலத்தில் ப்ஸீஸாவும் கொண்டுபோயிருந்தார், சந்தேகம் இருந்தால் ருசி பார்க்கட்டும் என்று. மதாம் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊர் மரியாதைப்படி பெயருக்கு முன் 'ஸீ' போட்டே கேட்டார்.

"இதுல பார்கோடு எங்க, ஸீ ஹமாதி?"

"இது மாவு, மதாம். என் பொண்டாட்டி வறுத்து அரைச்சது."

"உங்க பொண்டாட்டிக்குப் பதிவு எண் இருக்கா?"

"இருக்கே. முப்பத்தொம்பது வருஷம் முன்னாடி இதே ஊர் நகராட்சியிலதான் பதிஞ்சோம்."

மதாம் சிரிக்கவில்லை. பார்கோடு இல்லாத உணவு அட்டவணையில் ஏறாது, அட்டவணையில் ஏறாததை உண்டதாகக் கருத இயலாது என்று நிதானமாக விளக்கினார். பிறகு நூற்று நாற்பது பக்கக் கையேடு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். எந்தக் குளிர்நாட்டிலோ எழுதி, இங்கே அட்டை மட்டும் மாற்றியது. அதன்படி ஆறு வாரம் உண்டால் சான்றிதழ். காலையில் ப்ளூபெர்ரி, மதியம் சால்மன், இரவு அரை அவகாடோ. பாப் ஜெப்லி மீன் சந்தையில் மத்தி மலையாகக் குவிந்து கிடக்கும் ஊரில் சால்மனுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருந்தது. சால்மனுக்குப் பதில் மத்தி தின்ன மாற்றுணவு மனு போடலாம். மனு இருபத்தோரு நாளில் பரிசீலிக்கப்படும். மனுவோடு சம்பந்தப்பட்ட மீனையும் இணைக்க வேண்டும்.

ஹமாதி மனு போடவில்லை. இருபத்தோரு நாள் மீனை இணைத்து வைத்தால் என்ன ஆகும் என்று கடைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைநகரிலிருந்து டப்பா சால்மன் வரவழைத்தார். ஆறே வாரம்தானே என்று மனூபியாவிடம் சொன்னார்.

ஆனால் சாப்பிட்டால் மட்டும் போதாது, சாப்பிட்டதற்கு அத்தாட்சி வேண்டும். ஒவ்வொரு வேளைத் தட்டையும் படம் பிடித்து, இரண்டு பிரதி எடுத்து, அசலுக்கு ஒத்த நகல் என்று நகராட்சியில் முத்திரை வாங்க வேண்டும். பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அங்கே நின்று முத்திரை வாங்கிப் பழகிய ஊர்தான் அது. ஹமாதியும் பழக்கதோஷத்தில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

முத்திரைக் குமாஸ்தா படத்தை வாங்கி வைத்துக்கொண்டு கையை நீட்டினார். "அசல்?"

"அசல் என் வயித்துல இருக்கு, தம்பி."

"அப்ப நகல் செல்லாது, ஹாஜி. நான் எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது?"

மறுநாள் ஹமாதி தட்டோடு போனார். வரிசையில் அவருக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர், வாடகை ஒப்பந்தங்களும் பரீட்சைச் சான்றுகளும் வைத்துக்கொண்டு. காலை பத்து கிலோமீட்டர் ஓடிய உடம்பு. பதினோரு மணிக்குத் தன்னையறியாமல் தட்டிலிருந்து ஓர் ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் முறை வந்தபோது குமாஸ்தா படத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல மூணு ஆலிவ். இங்க ரெண்டு."

ஹமாதி உண்மையை ஒப்புக்கொண்டார். வரிசை நீளம், பசி என்றார். குமாஸ்தாவின் முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. "அப்ப இது திருத்தப்பட்ட அசல். இதுக்கு நான் முத்திரை வச்சா என் வேலை போயிடும். வீட்டுக்குப் போய் மொதல்லேருந்து சாப்பிடாம வாங்க."

ஹமாதி மொதல்லேருந்து சாப்பிடாமல் வரக் கற்றுக்கொண்டார். காலைச் சாப்பாடு ஒரு மணிக்கும் மதியச் சாப்பாடு நாலு மணிக்கும் வாய்க்கு வந்து சேர்ந்தது. நகராட்சி சாயங்காலம் மூடிவிடுவதால் இரவுச் சாப்பாடு அடுத்த நாள் காலை அத்தாட்சி பெற்றது.

நாலாம் வாரம் இயக்ககம் ஒரு கருத்தரங்கு நடத்தியது. தலைவர் டாக்டர் ஃபாதில் அல்லூஷ் பேசினார். அவர் டாக்டர்தான், நில அளவையியலில். காதில் மல்லிகைச் செண்டு செருகியிருந்தார். மண்டபத்தில் அறுபதிலிருந்து எண்பது வயது வரை நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, தலைவர் முன்னால்.

"அறுபது தாண்டினவங்களுக்குத் தாகம் தெரியாது. இது விஞ்ஞானம்," என்றார் அவர். "அதனால உங்களுக்கு எப்போ தாகம்னு இனிமே நாங்க சொல்லுவோம்." ஒரு மிடறு குடித்துக்கொண்டார். "சில பேர் பசிக்குதுன்னு எழுதிக் குடுக்கிறாங்க. எங்க அட்டவணை சரியா இருக்கும்போது ஒருத்தருக்குப் பசிச்சா, அது அட்டவணையோட தப்பு இல்ல, பசியோட தப்பு. நான் ஏதோ ஆபீஸ்காரன்னு நினைக்காதீங்க. நானும் விளையாட்டு வீரன்தான். அஞ்சு வருஷமா நாட்டுக்குள்ளயும் வெளியிலயும் ஒவ்வொரு போட்டிக்கும் போயிட்டு வரேன். ஒரு தடவைகூடத் தோத்ததில்ல."

கைதட்டல் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. பேச்சு அவ்வளவு நேரம் நடந்தது. பிறகு மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் பக்கத்து அறையில் முட்டை பொதிந்து பொரித்த ப்ரிக்கும் ஆட்டுக்கால் சோறும் பரிமாறினார்கள். கதவை மூடினார்கள், வாசனையை மூட முடியவில்லை.

ஆறாம் வாரம் எடை பார்த்தார்கள். ஐந்து கிலோ குறைந்திருந்தார் ஹமாதி. ஐயாயிரம் மீட்டர் இருபது நிமிடம் ஐம்பதுக்குப் போயிருந்தது. டாக்டர் அல்லூஷ் நேரில் வந்து கைகுலுக்கினார். ஆறு வாரத்தில் இவ்வளவு பலன் கொடுத்த திட்டம் இந்த நாட்டில் வேறு உண்டா என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார். போன அஞ்சு கிலோவும் தொடைச் சதை என்று ஹமாதி மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"தொடைன்னா என்ன, தொப்பைன்னா என்ன, ஸீ ஹமாதி? அட்டவணையில ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்," என்றார் தலைவர். ஹமாதியைப் படம் பிடித்து 'முன்மாதிரி வீரர்' என்று எழுதிச் சுவரில் மாட்டினார்கள்.

சான்றிதழ்? அதைத்தான் மதாம் ஸலுவா தர மறுத்தார். விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் இருப்பவருக்குக் கன்னம் இருக்கிறது, எதிரே நிற்பவருக்கு இல்லை. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும். நிரூபணம் ஆகும்வரை உணவுமுறையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து.

அன்று மதியம் ஹமாதி கடையில் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் உட்கார்ந்திருந்தார். மனூபியா அவர் தொடையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். மாவுச் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அழுகின மாதுளைய உன் தலையில கட்டினவன்கிட்ட, மூணு வருஷம் கழிச்சுக் கல்யாண வீட்டுல வச்சுப் பழி வாங்கின ஆளு நீ," என்றாள். "இவனுக்கு மட்டும் எதுக்கு மரியாதை? மல்லிப்பூ வச்சிருக்கான்னா?"

ஹமாதி கால்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கையேட்டை எடுத்தார். எண்ணெய் ஆலைக்காரனின் ஒப்பந்தத்தைப் படிப்பதுபோல, பின்பக்கத்திலிருந்து, விரல் வைத்துப் படித்தார். நூற்று நாற்பது பக்கத்தையும் படித்த முதல் மனிதர் அவர்தான். எழுதியவர்கள்கூடப் பாதியில் விட்டிருந்தார்கள். அறுபத்தோராம் விதியில் விரல் நின்றது. 'போட்டிக் குழுவோடு பயணம் செய்யும் அலுவலர் எவராயினும் பயணம், தங்குமிடம், உணவு ஆகியவற்றின் பொருட்டு விளையாட்டு வீரராகவே கருதப்படுவார்.' தலைவர் ஐந்து வருடமாகத் தோற்காமல் இருந்த ரகசியம் அதுதான்.

வேறொருவனாக இருந்தால் புகார் எழுதியிருப்பான். ஹமாதி சந்தையில் வளர்ந்தவர். புகார் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இழுப்பறைக்குள் படுத்துக்கொள்ளும் என்பதும், பாராட்டை மட்டும் யாரும் கீழே வைக்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். இயக்ககம் தன் உடம்பிலிருந்து எதையெல்லாம் எடுத்துவிட்டது என்று நன்றியோடு விவரித்தார். இப்பேர்ப்பட்ட நன்மையை அறுபத்தோராம் விதிப்படி வீரர்களான அலுவலர்களுக்கு மறுப்பது ஓரவஞ்சனை ஆகாதா என்று பணிவோடு கேட்டார். சான்றிதழ் பெற்று அவர்களும் ஸூஸ் மைதானத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் வேண்டும் என்றார். அவர்கள் தட்டுகளைச் சரிபார்க்கச் சம்பளமில்லாமல் உதவ முன்மாதிரி வீரன் ஒருவன் தயாராக இருக்கிறான் என்று முடித்தார்.

ஐந்தாம் நாள் சுற்றறிக்கை வந்தது: அலுவலர்களும் அதே உணவுமுறையில் இருந்து ஸூஸில் ஓட வேண்டும், அவர்கள் தட்டுகளை முன்மாதிரி வீரர் சரிபார்ப்பார். அமைச்சகம் கடிதத்தின் நகலையே இணைத்திருந்தது, அசலுக்கு ஒத்தது என்ற முத்திரையோடு. டாக்டர் அல்லூஷ் மறுக்கலாம்தான். மறுத்தால் தான் வீரன் இல்லை என்று எழுத வேண்டும். எழுதினால் ஐந்து வருட விமானங்களில் யார் போனது என்ற கேள்வி வரும். தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இது நம் திட்டத்துக்குக் கிடைத்த மகுடம் என்று அறிவித்தார்.

மே மாதக் கடைசியிலிருந்து நகராட்சி வரிசையில் கோட்டு போட்டவர்கள் தட்டோடு நிற்கத் தொடங்கினார்கள். ஜன்னலுக்கு உள்ளே குமாஸ்தாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மூக்குக் கண்ணாடியோடு ஹமாதி உட்கார்ந்திருந்தார். முதல் நாள் தலைவரின் தட்டு வந்தது. அனல்காற்று அடித்த நாள். சால்மன் தன் மரியாதையை இழந்துகொண்டிருந்தது.

"படத்துல ப்ளூபெர்ரி பதினொன்னு, டாக்டர்," என்றார் ஹமாதி. "தட்டுல ஒன்பது."

"ரெண்டு உருண்டு விழுந்திருக்கும், ஸீ ஹமாதி."

"எங்க விழுந்துச்சு? வரிசையிலயா, வாயிலயா? ரெண்டுக்கும் வேற வேற படிவம்."

பின்னால் நின்றவர்கள் தங்கள் வாடகை ஒப்பந்தங்களை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். தலைவர் வீட்டுக்குப் போய் மறுபடி வந்தார். அதற்குள் ஒரு மணி ஆயிருந்தது. மதிய இடைவேளைக்கு ஜன்னல் மூடியிருந்தது.

இப்படிப் பதினெட்டு நாள் போனது. ஹமாதி ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. விதியை மட்டும் சொன்னார், பக்க எண்ணோடு. அவர் தட்டும் அதே தட்டுதான். தன் சான்றிதழ் வராததால் அவரும் டப்பா மீனைத்தான் தின்றுகொண்டிருந்தார். ஆனால் ருசி மாறியிருந்தது என்று மனூபியாவிடம் சொன்னார்.

ஜூன் நடுவில், கடைகள் பாதிக் கதவை இறக்கிவிட்டுத் தூங்கும் மதிய நேரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து உள்ளே நுழைந்தார். காதில் மல்லிகை இல்லை. கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

மனூபியா அப்போதுதான் ப்ஸீஸாவை எண்ணெயில் குழைத்துக்கொண்டிருந்தாள். வறுத்த வெந்தய வாசனை கடை முழுக்க நின்றது. தலைவர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பார்வையில் அட்டவணை எதுவும் இல்லை.

"ஒரு கரண்டி," என்றார். "மயக்கமா வருது, ஹமாதி. ராத்திரி தூக்கம் இல்ல. படியேறினா முழங்கால் நடுங்குது."

"அது பசியோட தப்பு, டாக்டர்," என்றார் ஹமாதி. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு பேரம் நடந்தது. தலைவருக்கு இரண்டு வேண்டியிருந்தது: கிண்ணம் ஒன்று, உடல்நிலை காரணமாக ஓட இயலாதவர் என்று சரிபார்ப்பவரின் கையொப்பம் ஒன்று. ஹமாதிக்கு ஒன்றுதான்: சான்றிதழ், இன்றைய தேதியோடு, இங்கேயே. அலுவலகத்துக்கு வந்தால் தருகிறேன் என்று ஆரம்பித்தார் தலைவர். ஹமாதி கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். நாளைக்கு என்றார் தலைவர். மனூபியா பேரீச்சையைக் கிள்ளி மேலே வைத்தாள். தலைவர் பையைத் திறந்தார். முத்திரையை எப்போதும் கூடவே வைத்திருக்கிற மனிதர். மூன்று இடத்தில் குத்தினார், கண் கிண்ணத்தில் இருந்ததால் நாலாவதாக மேசையிலும் ஒன்று விழுந்தது.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து, மனூபியாவிடம் கொடுத்த பிறகுதான் ஹமாதி கிண்ணத்தை நகர்த்தினார். தலைவர் கரண்டியைத் தேடவில்லை. விரலால் வழித்தார்.

"அந்த இன்னொண்ணு?" என்றார் வாய் நிறைய.

"அது விற்பனைக்கு இல்ல," என்றார் ஹமாதி.

அன்றிலிருந்து ஹமாதி பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினார். வேளைக்கு வேளை முட்டை, மத்தி, பருப்பு, மோர். உடம்பு திரும்பியது, ஆனால் அவசரப்படவில்லை. அறுபத்தைந்தில் சதை போவதற்கு ஒரு வாரம் போதும், வருவதற்கு ஒரு மாதம் வேண்டும். அவரிடம் இருந்தது மூன்றரை வாரம்.

ஜூலை பத்தாம் தேதி ஸூஸ் மைதானத்தில் ஐயாயிரம் மீட்டர். அறுபதும் அதற்கு மேற்பட்டதுமான எல்லாப் பிரிவையும் ஒரே ஓட்டமாக விட்டார்கள். பட்டியலில் பதினேழாவது பெயர் டாக்டர் ஃபாதில் அல்லூஷ். அமைச்சகத்திலிருந்து இரண்டு பேர் வந்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், பாராட்டுக் கடிதத்தைக் கண்ணால் பார்க்க.

ஹமாதி முதல் மூன்று கிலோமீட்டர் கடிகாரம்போல் ஓடினார். நாலாவதில் தொடை கேட்டது, எங்கே என் சதை என்று. கடைசிச் சுற்றில் கொடுக்க இருந்ததையெல்லாம் கொடுத்தார். கோட்டைத் தாண்டி விழுந்து, நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

பத்தொன்பது நிமிடம் நாற்பத்தாறு.

தன் பிரிவில் முதலிடம். தங்கப் பதக்கம். சாதனைக்கு நாலு விநாடி பாக்கி. பத்து வாரம் டப்பா மீன் தின்று, ஆறிய தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றதற்கு விலை நாலு விநாடி. அடுத்த ஜூலையில் அது பதினைந்தாகும், இருபதாகும். ஹமாதி புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். மனூபியா வேலியைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். துணிப்பையிலிருந்து அவித்த முட்டைகளையும், காகிதத்தில் மடித்த உப்பையும் சீரகப் பொடியையும் எடுத்து வைத்தாள்.

ஓட்டம் இன்னும் முடியவில்லை. ஒருவர் பாக்கி இருந்தார். தலைவர் வாயைத் திறந்துகொண்டு, தோளை ஆட்டிக்கொண்டு, நடையா ஓட்டமா என்று யாரும் முடிவுசெய்ய முடியாதபடி வளைவில் வந்துகொண்டிருந்தார். ஹமாதி பதக்கம் வாங்கப் போகவில்லை. எழுந்து, முட்டையை உரித்துக்கொண்டே வளைவின் உள்பக்கம் போய் நின்றார்.

"முடியல, ஹமாதி," என்றார் தலைவர். கண் முட்டையின் மேல் இருந்தது. "நின்னுடுறேன். யாரும் பார்க்கல."

ஹமாதி நிழலில் இருந்த இருவரையும் பார்த்தார். முட்டையைச் சீரகத்தில் தொட்டார்.

"நில்லுங்க, டாக்டர். தாராளமா நில்லுங்க. இன்னிக்கே இன்னொரு பாராட்டுக் கடிதம் எழுதிடுறேன். இந்தத் தடவை பத்தாயிரம் மீட்டர்."

தலைவர் நிற்கவில்லை. ஹமாதி முட்டையைக் கடித்து, மெதுவாக மென்றார். அவசரமில்லை, இன்னும் மூன்று சுற்று இருந்தது.